கணுக்கால் தண்ணீரில் நின்றவள்

"நாலு வருஷப் படம் இருக்கு. ஒன்றில்கூட அவள் முகம் இல்லை," என்றார் சீடர்.

குரு அப்போது ஒரு காலேஜ் பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் நெற்றிப் பருவை அழித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உக்காருங்க சார்," என்றாள்.

சீடருக்கு வயது அறுபத்துநாலு. பெயர் திரவியம். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குருவுக்கு நாற்பத்தேழு. பெயர் பெனினா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஏழெட்டுப் பேருக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். குரு என்றால் தாடியும் குகையும் இருந்தாக வேண்டும் என்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

திரவியம் ஒரு பென் டிரைவை மேஜையில் வைத்தார்.

"இதில ஆயிரத்து நூத்திப் பன்னிரண்டு இருக்கு. எல்லாம் நம்ம குளம். எல்லாத்திலயும் உலகம்மை நிக்கா. நீங்க முகத்தை மட்டும் வெளியே கொண்டுவரணும்."

உலகம்மை அவர் மனைவி. இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது.

பெனினா மவுசை விட்டுக் கையை எடுத்தாள்.

"பதினாறுக்குப் பெரிசு பண்ணிக் கொடுத்தேனே சார்."

"அது ஆதார் கார்டுப் படம்."

"ஆமா."

"அதில அவ எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கா."

"ஆதார்ல எல்லாரும் அப்படித்தான் சார் இருப்போம்."

பதினாறாம் நாளன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். உலகம்மையின் தங்கை அதன் முன்னால் நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "வீட்டுல ரெண்டு கேமரா. லென்ஸ் மட்டும் நாலு. எங்க அக்காவுக்கு மாலை போட கவர்மெண்டு எடுத்த படம்."

பாயசம் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். திரவியம் எழுந்து போய்க் கை கழுவினார். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவே இல்லை.

"உங்க மக கல்யாண வீடியோ இருக்குமே. அதிலேர்ந்து ஒண்ணு எடுத்துத் தாறேன். நல்லாச் சிரிச்சிருப்பாங்க," என்றாள் பெனினா.

"அது ஒம்பது வருஷத்துக்கு முந்தி."

"இருந்தா என்ன?"

"எனக்கு இந்த நாலு வருஷத்து முகம் வேணும்."

"ஏன் சார்?"

அவர் பென் டிரைவை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

*

ஓய்வு பெற்ற மறு மாதம் அவர் கேமரா வாங்கினார். வீட்டில் சும்மா இருக்கும் ஆணுக்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டியிருக்கிறது. சிலருக்குப் பேப்பர், சிலருக்குப் பிள்ளையார் கோயில். இவருக்குச் சூரியன்.

ஊருக்கு மேற்கே பெரிய குளம். குளத்துக்கு அப்பால் மலை. சூரியன் மலைக்குள் இறங்கும்போது குளத்தில் இன்னொரு சூரியன் மேலே ஏறி வரும். அதை எடுக்கத்தான் ஊரிலுள்ள கேமராக்காரர்கள் எல்லோரும் போவார்கள். எல்லோருடைய படமும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் ஞாயிறு அவர் கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு பெனினா சொன்னாள். "வானம் இருக்கு. தண்ணி இருக்கு. யாரும் இல்லையே சார். ஒரு ஆள் கறுப்பா நின்னாத்தான் வானத்துக்கு அளவு தெரியும்."

அன்று சாயங்காலமே அவர் உலகம்மையைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அடுப்பில் வைத்திருந்த பாலை இறக்கிவிட்டுப் போனாள்.

கரையிலிருந்து இருபதடி தள்ளிப் பழைய கல் மடை ஒன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அதற்குப் போக வரிசையாகக் கல் போட்டிருக்கும். மடையின் மேல்கல்லுக்கு மேலே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதன்மேல் நின்றால் ஆளும் ஆளின் பிம்பமும் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பெண், கீழே ஒரு பெண், நடுவில் கோடு இல்லை.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்று திரவியத்துக்குக் கடைசிவரை பெருமை உண்டு.

"கால் வழுக்குதுங்க."

"மெதுவாப் போ உலகு. செருப்பைக் கழத்திட்டுப் போ."

"எதுக்கு நான்? ஒரு கொக்கை எடுங்களேன்."

"கொக்கு சொன்னா நிக்காது."

அவள் நின்றாள். நாலு வருஷம் நின்றாள். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொண்ட நாட்களிலும், கோடையில் தண்ணீர் இறங்கி மடைக்கல் வெளியே வந்துவிட்ட நாட்களிலும் மட்டும் அவளுக்கு லீவு.

கொசு கடிக்கும். கையை ஓங்கினால் கால் அசையும், கால் அசைந்தால் தண்ணீர் அலையும், தண்ணீர் அலைந்தால் கீழே நிற்கிற பெண் துண்டு துண்டாகிவிடுவாள். ஆகவே கொசுவை அடிக்கக் கூடாது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

மலைக்குள் சூரியன் முழுதாகப் போகிறவரை அந்த ஐந்து நிமிஷம் நடக்கும்.

மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. படத்துக்குத் 'தனிமை' என்று பெயர் வைத்திருந்தார். உலகம்மை அதைச் சட்டத்துக்குள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இருபதடியில நீங்க நிக்கும்போது நான் எப்படித் தனியா இருக்கேன்?"

"அது கலை."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனாள்.

*

பெனினா பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். முதல் படத்தைத் திறந்தாள்.

ஆரஞ்சு வானம், ஆரஞ்சுத் தண்ணீர், நடுவில் கரியால் வரைந்தது போல் ஒரு பெண்.

திரையில் நிழலை வெளுக்க வைக்கிற கட்டையை மவுசால் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குள் பச்சையும் சிவப்பும் மணல் மணலாகத் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் அதே மணல்தான்.

அடுத்த படமும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"இதெல்லாம் வேலை பாத்த படம் சார். கேமராவிலேர்ந்து வந்த ஒரிஜினல் எங்கே?"

"இதுதான்."

"இல்ல, கறுப்பைக் கூட்டுறதுக்கு முன்னால உள்ளது."

"அதுக்கு மேலயேதான் சேவ் பண்ணினேன்."

"எல்லாத்தையுமா?"

"இடம் அடைக்குதேன்னு."

பெனினா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"தப்புன்னா நீங்க சொல்லியிருக்கணும்," என்றார் திரவியம். "நீங்கதான் சொன்னீங்க. அரைக் கறுப்பு படத்தைக் கெடுத்துரும், கறுப்புன்னா முழுக் கறுப்பா இருக்கணும்னு. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தேதியோட."

"கறுப்பாக்கச் சொன்னேன். பழசை அழிக்கச் சொல்லலையே."

"எது வேண்டாமோ அதை வச்சிக்கிட்டு என்ன பண்ணன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவரே தன் வாயைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் தட்டிக்கொண்டே இருந்தார்.

பெனினா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எதையோ தேடுகிறவள் போல் ஒரு படத்தில் நிறுத்தினாள். முகத்தை விட்டுவிட்டுத் தோளுக்குக் கீழே பார்த்தாள்.

"சார், அம்மா எந்தப் பக்கம் பாத்து நிக்காங்க?"

"எதில?"

"இதில. எல்லாத்திலயும்."

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கறுப்பு உருவத்துக்கு முன் ஏது, பின் ஏது.

"சூரியனைத்தான். சூரியன் மறையுறதைப் பாக்கத்தானே எல்லாரும் வாராங்க?"

"நிச்சயமா?"

"வேற எதைப் பாப்பா?"

பெனினா பென்சிலை எடுத்தாள். கறுப்பு உருவத்தின் முழங்கைக்குக் கீழே, ஓரத்தில், வால் போல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டைக் காட்டினாள்.

"இது என்ன?"

"முந்தானை."

"படத்துல எந்தப் பக்கம் தொங்குது?"

"வலது பக்கம்."

"பொம்பளைங்க நாங்க எந்தத் தோள்ல போடுவோம்?"

அவர் யோசித்தார். முப்பத்துநாலு வருஷம் ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தவர், யோசித்தார். கடைசியில் எதிரே இருந்த குருவின் தோளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இடது."

"உங்களுக்கு முதுகைக் காட்டி நின்னா இந்த முந்தானை எந்தப் பக்கம் வரும்?"

பதிலுக்கு அவர் தன் இடது தோளைத் தொட்டார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று தொட்டார். மின்விசிறிக்கு அடியில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் இப்படிச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். பெனினாவுக்கு வரவில்லை.

"இடது பக்கம் வரணும்," என்றார்.

பெனினா அடுத்த படத்தைத் தள்ளினாள். முந்தானை வலது பக்கம்.

அடுத்தது. வலது.

மேகம் உள்ள படம். வலது. பறவைக் கூட்டம் உள்ள படம். வலது. பரிசு வாங்கின படம். காற்றில் முந்தானை பறக்கிறது. வலது.

அறுபது படத்துக்குப் பிறகு அவள் நிறுத்தினாள்.

"உங்களைத்தான் பாத்துக்கிட்டு நிக்காங்க சார். எல்லாத்திலயும்."

*

மின்விசிறியின் கீழே அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அப்போ முகம் இதில இருக்கு," என்றார்.

"இருந்தது."

"டாக்டர் ஒண்ணு கேட்டார்."

பெனினா அவர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா சேத்தமே, அந்த ஆஸ்பத்திரியில. சின்ன வயசு டாக்டர். முகம் எப்போலேர்ந்து இப்படி வீங்கியிருக்குன்னு கேட்டார். நான் ரெண்டு நாளாத்தான்னு சொன்னேன். அவ கட்டில்ல கெடந்துக்கிட்டே இல்லைன்னு தலையை ஆட்டினா. எப்போலேர்ந்துன்னு சொல்ல மூச்சு கூடலை."

"ம்."

"கிட்னி கெட்டுப்போனா மொதல்ல கண்ணுக்குக் கீழ வீங்குமாம். காலைல நல்லாத் தெரியுமாம். கூட இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமேன்னார். அவர் என்னைத் திட்டலை. சும்மா கேட்டார். எழுதிக்கிட்டே கேட்டார்."

"கால் வீங்கியிருக்குமே."

"சொன்னா. கால் வீங்குதுன்னு சொன்னா. தண்ணியில நின்னா குளிர்ச்சிதானேன்னு சொன்னேன்."

கீழே பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"எந்த மாசம்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு," என்றார். "படத்துல தேதி இருக்கு. முகம் மட்டும் வந்தா, எந்தத் தேதியிலேர்ந்து வீங்குதுன்னு பாத்துருவேன். ரெண்டு நாளா, ரெண்டு மாசமா, ரெண்டு வருஷமான்னு."

"தெரிஞ்சு?"

"தெரியணும்."

"மாலை போடப் படம் வேணும்னு சொன்னீங்க."

"அதுவும்தான்."

பெனினா கம்ப்யூட்டரை அணைத்தாள். திரை கறுத்ததும் அதில் இருவருடைய உருவமும் மங்கலாகத் தெரிந்தது. அவள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனாள்.

"நான் அவங்க முகத்தைப் பாத்திருக்கேன் சார்."

"எப்போ? நீங்க வீட்டுக்கே வந்ததில்லையே."

"நீங்க கொண்டுவந்த படத்துல. வகுப்புக்கு வந்த ரெண்டாவது வாரம். ஃபிளாஷ் தெரியாம வெடிச்சிருச்சுன்னு சொன்னீங்க. வானமெல்லாம் வெளிறிப்போய், அவங்க மட்டும் பளிச்சுன்னு நின்னாங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்வது அவர் முகத்தில் தெரிந்தது.

"எப்படி இருந்தா?"

"கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருந்தாங்க. உங்களைப் பாத்து என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

"என்ன சொன்னா?"

"படத்துல எப்படி சார் கேக்கும்."

"வீக்கம் இருந்ததா?"

"இல்ல. நல்லா இருந்தாங்க."

"அந்தப் படம் எங்கே?"

பெனினா சொன்னாள். சொல்லும்போது, வகுப்பில் பேசுகிற குரல் அவளிடம் இல்லை.

"இது தப்பு, அழிச்சிருங்கன்னு சொன்னேன். என் கண் முன்னாலயே அழிச்சீங்க. நல்ல மாணவர் நீங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ரேஷன் கார்டுக்குப் படம் வேண்டும் என்றாள்.

"நாளைக்கு வாங்க," என்றாள் பெனினா.

"அஞ்சு நிமிஷ வேலைதானே."

"நாளைக்கு."

வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

பெனினா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"கேமரா எங்கே?"

"ஸ்கூட்டர் டிக்கியில. கடைசியா குளத்துக்குப் போன அன்னைக்கு வச்சது. எடுக்கலை."

"வாங்க."

"எங்கே?"

"முகம் கேட்டீங்கல்லா?"

*

குளத்தங்கரையில் வேறு யாரும் இல்லை. வானம் சுத்தமாக இருந்தது. சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதற்கு நேர் கீழே, தண்ணீருக்குள், இன்னொன்று.

"எங்க நின்னு எடுப்பீங்க?"

அவர் காட்டினார். ஸ்டாண்டின் மூன்று கால் பதிந்த குழிகள் சேற்றில் காய்ந்துபோய் அப்படியே இருந்தன.

பெனினா அங்கே போய் நின்றாள். கேமராவை அவரிடமிருந்து வாங்கினாள்.

"ஸ்டாண்டு வேண்டாம். கையிலயே எடுக்கேன். நீங்க போங்க."

"எங்கே?"

"மடைக்கு."

"நானா?"

"கொக்கா போகும்?"

அவள் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்தது. அவர் மட்டும் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். முதல் கல்லில் பாசி. இரண்டாவது கல் ஆடியது. அது ஆடும் என்று அவருக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் அந்தக் கல்லில் அவர் கால் வைத்ததில்லை.

மூன்றாவது கல்லுக்குக் குனிந்து, கையை ஊன்றிப் போனார்.

மடைக்கல்லில் ஏறி நின்றபோது தண்ணீர் கணுக்காலைப் பிடித்தது. குளிர்ச்சியாக இல்லை. வெயிலில் நாளெல்லாம் கிடந்த தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது. அடியில் சேறு விரலிடுக்கில் ஏறியது.

"நின்னுட்டேன்," என்று கத்தினார்.

"மலையைப் பாத்து நில்லுங்க."

அவர் மலையைப் பார்த்து நின்றார்.

கண் கூசியது. கையை நெற்றியில் வைத்து மறைத்தார். மேலேயுள்ள சூரியன் மறைந்தது, கீழேயுள்ளது மறையவில்லை. தலையைக் குனிந்தால் தண்ணீரிலிருந்து ஏறி நேராகக் கண்ணுக்குள் போனது. மூடினால் இமைக்குள்ளும் சிவப்பு.

பத்து எண்ணுவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

"கையை இறக்குங்க சார். உருவம் கெடுது."

கையை இறக்கினார்.

முழங்கையில் கொசு உட்கார்ந்தது. ஓங்கினார். கால் பிசகியது. தண்ணீர் வட்டம் வட்டமாக ஓடியது.

"அசையாதீங்க. கீழ பிம்பம் உடையுது."

"கொசு கடிக்குது மேடம்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

அவர் நின்றார். முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு துடிக்கத் தொடங்கியது. உட்கார இடமில்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியில்லை. தண்ணீரில் கால் பாரமாகிக்கொண்டே வந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை, மூடினால் தள்ளாடியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாத ஒரு நேரத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமல், அவர் கரைப் பக்கம் திரும்பினார்.

கண்ணிலிருந்து சிவப்பு போகச் சற்று நேரமானது.

பிறகு கரை தெரிந்தது.

கரை முழுக்க வெளிச்சம் விழுந்து கிடந்தது. இருபதடி தூரம்தான். பனைமரத்தில் ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அவருடைய ஸ்கூட்டரின் கண்ணாடி மின்னியது. அதன் நம்பர் பலகையைப் படிக்க முடிந்தது. மண்ணில் கிடந்த அவருடைய செருப்பில் தேய்ந்த குதிகால் தெரிந்தது. நாலு வருஷமாக எந்த வானத்தைத் துரத்தினாரோ, அதன் வெளிச்சமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் விழாமல், கரையில் அவர் நின்ற இடத்திலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த வெளிச்சத்தின் நடுவில் பெனினா நின்றாள்.

அவள் புடவைக் கரையில் பிரிந்து தொங்கிய ஒரு நூல்கூடத் தெரிந்தது. வளையல் தெரிந்தது. லென்ஸைப் பிடித்த விரலில் மோதிரம், நகத்தில் பிரின்டர் மை.

கழுத்துவரை எல்லாம் தெரிந்தது. கழுத்துக்கு மேலே கேமரா.

கறுப்புப் பெட்டி, அதில் ஒரு கண்ணாடி வட்டம், அதைச் சுற்றி இரண்டு கை.

அவர் காத்திருந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க," என்றது அந்தப் பெட்டி.

தள்ளினார்.

"போதும். அப்படியே."

'டிக்' என்று சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

பெட்டி இறங்கவில்லை.

சூரியன் அவர் பிடரியில் சுட்டது. கால் மரத்துவிட்டது. கொசு கன்னத்தில் உட்கார்ந்தது, அவர் அடிக்கவில்லை. பெட்டியின் மேல் விளிம்புக்கு மேலே கொஞ்சம் தலைமயிர் தெரிந்தது. பெட்டிக்குக் கீழே கொஞ்சம் தாடை. நடுவில் ஒன்றும் இல்லை. அவர் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். பெட்டியும் கூடவே சாய்ந்தது.

"அசையாதீங்க சார்."

"முடிஞ்சுதா?"

"அஞ்சு நிமிஷம்."

வெளிச்சம் மஞ்சளிலிருந்து செம்புக்கு மாறியது. கரையில் ஒவ்வொரு புல்லுக்கும் நிழல் நீண்டது. மடையிலிருந்து அவருடைய நிழலும் தண்ணீரின்மேல் நீண்டு போய்ப் பெனினாவின் காலடியைத் தொட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. 'டிக்'.

அவர் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். பெட்டியைப் பார்த்து எதைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தக் கேமராவைக் கொஞ்சம் இறக்குங்க."

"ஏன் சார்?"

"முகம் தெரியலை," என்றார்.